பெயர் தெரியாத ஆண்

அந்தப் பொம்மை என் கையில் இரண்டு முறை செத்துவிட்டது. மூன்றாவது முறையும் செத்தால் உன்னைக் காப்பீட்டுக் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவேன் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சிஸ்டர் சொல்லிவிட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அந்தக் கவுண்டரில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் மருத்துவமனை அது. நர்சிங் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. புதிதாக வருகிற எங்களை எடுத்த எடுப்பில் நோயாளிகள்மேல் ஏவிவிடக் கூடாது என்று, மாடியில் ஓர் அறையை வார்டு போலவே அமைத்து, நடுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். கடையில் விற்கிற பொம்மை மாதிரி இல்லை. மூச்சு விடும், கண் சிமிட்டும், கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் நினைத்தால் அதற்கு ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சுத் திணறும், வலிப்பு வரும். அத்தனை வியாதியையும் தாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை குறை சொல்லாத நோயாளியை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. அந்தப் பொம்மையைப் பிழைக்க வைத்துக் காட்டினால்தான் கீழே அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே பிடிவாதம்.

என் பிரச்சினை படிப்பு இல்லை. மருந்தின் அளவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண் நான். வீட்டில் எனக்கு வைத்த பட்டப்பெயரும் முந்திரிக்கொட்டைதான். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லியே வளர்ந்தவள். ஆனால் யாரோ நின்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், கை நடுங்கத் தொடங்கிவிடும். குரல் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த அறையில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. அதற்குப் பின்னால் சிஸ்டர் பேனாவும் கையுமாக இருப்பார். முதல் முறை மருந்துக் குப்பியை உடைக்கப் போய்க் கீழே போட்டேன். குனிந்து தேடி நிமிர்வதற்குள் பொம்மை போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது முறை ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துவிட்டு, அடுத்தது என்ன என்று ஒன்றும் ஓடாமல், பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு "சாரிங்க" என்றேன். மானிட்டரில் கோடு நேரானது. ஒலிபெருக்கியில் சிஸ்டர் குரல் வந்தது.

"செத்துட்டாரு. கையக் கழுவிட்டு வெளிய வா."

விடுதி அறையில் என்னோடு இருந்தவள் லப்பைக்குடிக்காட்டுப் பெண். அவளுடைய வாப்பா துபாயில் இருந்தார். அவள் முதல் முறையிலேயே தேறியவள். பொம்மை எழுந்து கை தட்டாததுதான் பாக்கி. அன்றிரவு எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள்.

"உன் புண்ணியத்துல அதுக்கு ரெண்டு தடவ காரியம் பண்ணியாச்சு. இந்தத் தடவயாவது பொழச்சிக்கும், இன்ஷா அல்லாஹ்."

இப்படிப்பட்ட ஆறுதலுக்குப் பிறகு தூக்கம் எங்கே வரும்?

எங்கள் சிஸ்டருக்கு அந்தப் பொம்மைமேல் ஒரே ஒரு குறை. அது தனியாகப் படுத்திருந்தது. "நம்மூர்ல எந்த பேஷண்டாவது தனியா வந்து பாத்திருக்கீங்களா? கூட பத்துப் பேரு வருவாங்க. அந்தப் பத்துப் பேரச் சமாளிக்கத் தெரியலன்னா அவ நர்சே இல்ல" என்பார். அதனால் பொம்மைக்குச் சொந்தக்காரராக நடிக்க ஓர் ஆளைப் பிடித்தார். எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கிற அக்காதான் அது. பத்துப் பேருக்குப் பதில் ஒருவர் எப்படிப் போதும் என்று நாங்கள் கேட்கவில்லை, ஏனென்றால் அவரை நாங்கள் அறிவோம்.

அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு, புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தால் அது பொம்மை என்பது எங்களுக்கே மறந்துபோகும். "எஞ்சாமீ!" என்று கதவருகிலேயே ஆரம்பிப்பார். டாக்டர் எப்போது வருவார் என்பார். இளநீர் கொடுக்கலாமா என்பார். திருச்சிக்குக் கொண்டுபோகலாமா என்று மூன்று பேரிடம் போனில் யோசனை கேட்பதுபோல நடிப்பார். நாங்கள் ஊசியை எடுத்தால் "மெதுவாக் குத்து தாயீ, வலி தாங்க மாட்டாரு" என்று முழங்கையைப் பிடித்துக்கொள்வார். எங்களுடன் படித்த ஒருத்தி அக்காவுக்குப் பயந்து ஊசியைத் தலையணையில் குத்திவிட்டாள். பொம்மையைவிட அக்காவுக்குத்தான் நாங்கள் அதிகமாகப் பயந்தோம். அவருக்கும் அதில் ரொம்பப் பெருமை.

என் மூன்றாவது பரீட்சை நாள் வந்தது. முந்தைய குழு பொம்மையின் விவரங்களையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது என்று சிஸ்டருக்குச் சந்தேகம். அதனால் அன்று காலை பொம்மைக்குப் புதிய பெயர், புதிய அப்பா பெயர் எல்லாம் வைத்து, கடைசி நிமிடத்தில்தான் அக்காவுக்குச் சொன்னாராம். இது எனக்குத் தெரியாது. அந்தப் பெயர் என்ன என்பதை இங்கே நானும் எழுதப்போவதில்லை. காரணம் உங்களுக்கே விளங்கும்.

நிலைமை இதுதான்: பொம்மை மோட்டார் சைக்கிளில் வந்து சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டிருக்கிறது. நினைவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு முன் சாம்பிள் எடுத்து, குழாயில் பெயரெழுதி ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். பெயரை மாற்றி எழுதினால் வேறு ஆளின் ரத்தம் வந்து சேரும், ஆளையே முடித்துவிடும். பொம்மையின் கையில் பெயர்ப்பட்டை இல்லை. மேஜையில் கிட்டத்தட்ட ஒரே பெயருள்ள இரண்டு பேரின் கேஸ் ஷீட்டுகள். நோயாளியோடு வந்தவரிடம் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். நாம் பெயரைச் சொல்லி அவர் தலையாட்டினால் செல்லாது. பதற்றத்தில் இருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

உள்ளே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் சிஸ்டரும், கம்ப்யூட்டரில் என் அறைத்தோழியும். கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அக்கா "எஞ்சாமீ" என்று ஓடிவந்தார்.

"அம்மா, இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"எங்கூட்டுக்காரரு தாயீ."

"அவரு பேரு சொல்லுங்கம்மா."

அக்கா சட்டென்று நின்றுவிட்டார். அழுகை, புலம்பல், இளநீர், திருச்சி எல்லாம் நின்றுபோயின. தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"பேரு சொல்லுங்கம்மா, அவசரம்."

தலையை இடமும் வலமும் ஆட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் சிஸ்டர் கையை ஆட்டி ஏதோ சைகை காட்டினார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மானிட்டரில் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சிஸ்டர் வேண்டுமென்றே எனக்கு மட்டும் இப்படி ஒரு பொறி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். என் பெரியம்மா ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் பார்ப்பார். சரி, பொறிதானே, பார்த்துவிடுவோம் என்று ஒரு வேகம். முதலில் சலைன் ஏற்றிவிட்டு, வேண்டுமென்றே சம்பந்தமில்லாத ஒரு பெயரைச் சொல்லி "இதுவாம்மா?" என்றேன். அதற்குத் தலையாட்டினால் அவர் தலையாட்டலை நம்ப முடியாது. அக்கா முறைத்தார். யாருடைய புருஷனுக்கு யாருடைய பெயர் என்கிற முறைப்பு அது. கேஸ் ஷீட்டில் இருந்த ஒரு பெயரைச் சொன்னேன். அக்கா முகம் சிவந்து தரையைப் பார்த்துச் சிரித்தார். லாரியில் அடிபட்டவரின் மனைவி சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. ஆனால் விதி விதிதான். அவர் வாயால் வர வேண்டும்.

"சரி, நீங்க சொல்ல வேணாம். வேற யாராச்சும் சொல்லுவாங்களா?"

அக்கா யோசித்தார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து அழுத்தி என்னிடம் நீட்டினார். "எம் பொண்ணு சொல்லும். நீயே கேளு தாயீ."

ஒரு பெண் எடுத்தாள்.

"கேஷுவாலிட்டிலேர்ந்து பேசறேங்க. ஒங்கப்பா பேரும் தாத்தா பேரும் சொல்லுங்க."

"ஏங்க? எங்கப்பாவுக்கு என்னங்க?"

"மொதல்ல பேரச் சொல்லுங்க, அவசரம்."

நடுங்கிய குரலில் இரண்டு பெயர்களையும் சொன்னாள். பிறகு அழத் தொடங்கினாள். அழுகைகூட அசல்போல இருக்கிறதே, சிஸ்டர் எங்கிருந்து பிடித்தார் இவளை என்று உள்ளூர மெச்சிக்கொண்டே போனை வைத்தேன்.

பெயர் ஒத்துப்போனது. அப்பா பெயர் இரண்டு கேஸ் ஷீட்டுகளிலும் இல்லை. ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் ஆள் யாரென்று தெரியாது என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்டவருக்குப் பெயர் எழுதாமல், அவசர எண் ஒன்றைக் கொடுத்து அதை வைத்துத்தான் ரத்தம் கேட்க வேண்டும். சாம்பிள் எடுத்தேன். குழாயிலும் கைப்பட்டையிலும் 'பெயர் தெரியாத ஆண்' என்று எழுதி எண் போட்டேன். டாக்டருக்குச் சொன்னேன். அழுத்தம் ஏறியது. பொம்மை கண்ணைச் சிமிட்டியது.

சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பெயர் தெரியாத ஆணா? ஷீட்டுல பேரு இருக்கு, தெரியாதுன்னு எழுதி வச்சிருக்கே!"

"அப்பா பேரு ஒத்துப் போவல சிஸ்டர்."

"எப்படி ஒத்துப் போவாம இருக்கும்? நாந்தானே ரெண்டையும் எழுதுனேன்!"

"அப்ப நீங்க தப்பா எழுதிருக்கீங்க."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். சிஸ்டர் அக்கா பக்கம் திரும்பினார். "நீ ஏன்க்கா சொல்லாம நின்ன? காலைல அவ்ளோ சொல்லிக் குடுத்தேனே!"

அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். "சிஸ்டரு, நீங்க வச்சது எங்கூட்டுக்காரரு பேரு."

அறைத்தோழி கம்ப்யூட்டர் அறையில் நாற்காலியோடு சரிந்து விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அது பொம்மைதானே அக்கா, பொம்மையின் பெயராக நினைத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "பொம்மயா இருந்தா என்ன, பேரு அவரோடதுதானே" என்றார். அவர் பெண் சொன்ன தாத்தா பெயரும் அசல் மாமனார் பெயர்தான். பிறகு எப்படி ஒத்துப்போகும்?

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் சிஸ்டர் முகம் பழையபடி ஆனது. "இது பரீட்சையே இல்ல. ரத்து. நாளைக்கு வேற பேரோட திரும்ப வை" என்றார். அக்காவின் போனையும் சிஸ்டரே வாங்கிச் சைலண்டில் போட்டு மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த பரீட்சைகள் நடக்க வேண்டுமாம். பொம்மை பிழைத்து, பரீட்சை செத்துப்போனது. நாளைக்கு அதே கண்ணாடி, அதே பேனா, அதே கை. அந்தக் காலி நாற்காலி எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த வருத்தத்தில், போனில் அழுத பெண் நாடகத்தில் சேர்த்தி இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மதியம் கீழே வரவேற்பறையில் ஒரே ஓலம். எறையூரிலிருந்து ஒரு மினி வேன் வந்து நின்றிருந்தது. அக்காவின் மகள், மருமகன், சம்பந்தி வீட்டார், சர்க்கரை ஆலையில் வேலை செய்கிற பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மச்சான் என்று ஒரு பட்டாளமே இறங்கியிருந்தது. நானும் சிஸ்டரும் அக்காவும் ஓடினோம். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு கதற, அக்கா என்னவென்று புரியாமல் தானும் சேர்ந்து கதற, விஷயத்தைப் பிரித்துச் சொல்வதற்குள் சிஸ்டருக்கு மூச்சு வாங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மெதுவாக அழுகை சிரிப்பானது. சம்பந்தி அம்மாள் மட்டும் "வேன் வாடகைய யாரு குடுப்பா?" என்று சிரிக்காமல் நின்றார்.

அப்போதுதான் அவர் வந்தார். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்.

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் அவருக்கு வேலை. உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து பார்த்தால் மகள் வீட்டிலிருந்து ஏகப்பட்ட அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டபோது மகள் வேனில் கிளம்பிவிட்டிருந்தாள்; வீட்டில் இருந்தவர்கள் சொல்லி, மனைவியின் போனிலிருந்து கேஷுவாலிட்டிக்காரர்கள் பேசினார்கள் என்று தெரிந்தது. தான் நன்றாக இருக்கும்போது அடிபட்டது மனைவியாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியே வண்டியை எடுத்திருக்கிறார். அரியலூரைத் தாண்டி, அத்தனை லாரிகளுக்கு நடுவில், உச்சி வெயிலில்.

வாசலில் நின்று மனைவியின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். அக்கா கூட்டத்திலிருந்து வெளிப்பட்டார். சனம் மறுபடி சிரித்தது. ஆளாளுக்கு அவரைக் கேலி செய்தார்கள். "மாமா, ஒமக்கு ரத்தம் ஏத்தியாச்சு, போங்க" என்றான் மருமகன். அவரும் சிரித்தார்.

ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வெயிலில் வந்தவருக்கு மின்விசிறிக்கு அடியில் நின்றால் வியர்வை அடங்க வேண்டும். இவருக்குக் கூடிக்கொண்டே போனது. "ஒனக்கு என்னா ஆச்சு?" என்று மனைவியைக் கேட்டார். ஒன்றுமில்லை என்று அக்கா சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பக் கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார்.

"அக்கா, இவருக்கு சுகர் இருக்கா?"

"இருக்கு. காலைல மாத்திர போட்டுட்டுத்தான் போனாரு."

வாசலில் அவர் வண்டியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் கட்டிக் கொடுத்தது அப்படியே கனத்தது; மாத்திரை போட்டவர் சாப்பிடவே இல்லை. நான் திரும்பியபோது அவர் சுவரைப் பிடித்துச் சரிந்துகொண்டிருந்தார்.

"எல்லாரும் நவுருங்க!"

அந்தக் குரலுக்குச் சம்பந்தி அம்மாள் நகர்ந்தார், மருமகன் நகர்ந்தான், சிஸ்டரும் நகர்ந்தார். வீல் சேரில் ஏற்றிக் கேஷுவாலிட்டிக்குள் தள்ளிக்கொண்டு ஓடினேன். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. வாயில் கொடுத்தால் விழுங்குகிற நிலை தாண்டிவிட்டது. டாக்டர் அடுத்த கட்டிலில் ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, "லைன் போடு, டெக்ஸ்ட்ரோஸ் ஏத்து" என்று தலையைத் திருப்பாமலே சொன்னார்.

கையை நீட்டிப் பிடித்து நரம்பைத் தேடினேன். திரைச்சீலையைப் பாதி விலக்கிக்கொண்டு எறையூர் மினி வேன் முழுவதும் எட்டிப் பார்த்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர் நடிக்கவில்லை. "மெதுவாக் குத்து தாயீ" என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. "கைய விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். விட்டுவிட்டார். ஊசி ஒரே குத்தில் ஏறியது. சர்க்கரைத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. "அண்ணே, என்னப் பாருங்க. கண்ணத் தொறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரைச்சீலைக்கு மேலும் கீழுமாகத் தெரிந்த தலைகளைப் பார்த்தார்.

"இவ்ளோ பேரு எதுக்குடா வந்தீங்க? யாரு செத்தா?"

மகள் இந்த முறை சிரித்துக்கொண்டே அழுதாள். அக்கா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பாட்டுப் பையைப் பிரித்து, நாலு வாய் சாப்பிட்டால்தான் கட்டிலை விட்டு இறங்கலாம் என்று மிரட்டினேன். புளிச்சோறு. அவர் மறு பேச்சுப் பேசாமல் சாப்பிட்டார்.

வெளியே வந்தபோது சிஸ்டர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் பேனா இல்லை.

"நாளைக்கு எத்தன மணிக்கு சிஸ்டர் பரீட்சை?" என்றேன்.

"எந்தப் பரீட்சை? காலைல யூனிஃபார்ம் போட்டுட்டு இங்கயே நில்லு. டூட்டி." இரண்டடி போய்த் திரும்பினார். "அவரு சிரிச்சிட்டிருந்தாரு. நானும் சிரிச்சிட்டு நின்னேன். நீ மட்டும் எதப் பாத்த?"

"லேட்டாச் சிரிச்சாரு சிஸ்டர்."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கை கழுவப் போனேன். குழாயைத் திறந்ததும் இரண்டு கையும் நடுங்கத் தொடங்கின. சோப்பு நழுவித் தொட்டியில் விழுந்தது, எடுக்க முடியவில்லை. பின்னால் வந்து நின்ற என் அறைத்தோழி, கேலி எதுவும் செய்யாமல், சோப்பை எடுத்து என் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக் கழுவிவிட்டாள். நான் நன்றாக அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. படுத்திருந்தது பொம்மை இல்லை, ஒரு மனுஷன் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது.